அலாலியா: வென்றவர்கள் விட்டுப்போன ஊர்

நேயர்களுக்கு வணக்கம். கிரேக்கர்கள் கடல் கடந்து அமைத்த குடியேற்றம் என்றதும் பலரும் பிரான்சின் மார்செய் நகரத்தைச் சொல்வார்கள். கி.மு. 600 வாக்கில் அதை நிறுவியவர்கள் போக்காயா ஊர்க்காரர்கள். மத்தியதரைக் கடலில் உள்ள கோர்சிகா தீவின் கிழக்குக் கரையில் அவர்களே அமைத்த இன்னொரு ஊர் அலாலியா. அவர்கள் கையில் அது நின்றது சுமார் முப்பது ஆண்டுகள்தான். எனக்கு இந்த ஊரின் கதைதான் பிடிக்கும்.

போக்காயா இன்றைய துருக்கியில், இஸ்மிருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்தவர்கள் அகலமான சரக்குக் கப்பல்களை நம்பவில்லை, ஐம்பது துடுப்பு போட்ட கப்பல்களில் போனார்கள் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். வியாபாரத்துக்கும் ஆகும், சண்டைக்கும் ஆகும்.

கி.மு. 546ஐ ஒட்டி பாரசீகத் தளபதி ஹார்ப்பகஸ் ஊரை முற்றுகையிட்டார். மதிலில் ஒரு கொத்தளத்தை இடித்து, ஒரு வீட்டை மன்னருக்கு ஒதுக்கினால் போதும் என்றார். யோசிக்க ஒரு நாள் அவகாசம் வேண்டும், அதுவரை படையை விலக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள் ஊரார். என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தும் அவர் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு நாளில் பெண்டு பிள்ளைகள், கோயில் சிலைகள் எல்லாவற்றையும் கப்பலேற்றிவிட்டார்கள். பாரசீகர்களுக்குக் கிடைத்தது காலி ஊர்.

பக்கத்துத் தீவான கியோஸ்காரர்களிடம் சில குட்டித் தீவுகளை விலைக்குக் கேட்டார்கள். வியாபாரத்தில் போட்டிக்கு வந்துவிடுவார்களே என்று அவர்கள் தரவில்லை. சரி, ஏற்கெனவே தங்கள் ஊரார் அமைத்திருந்த அலாலியாவுக்கே போகலாம் என்று முடிவானது. போகும் முன் ஊருக்குத் திரும்பி பாரசீகக் காவற்படையைக் கொன்றார்கள். ஓர் இரும்புக் கட்டியைக் கடலில் போட்டு, இது மிதந்து வரும்வரை திரும்ப மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஊர் ஏக்கம் தாங்காமல் திரும்பிப் போய்விட்டார்கள். சத்தியத்தை மீறினார்கள்தான், ஆனாலும் எனக்கு அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மற்றவர்கள் அலாலியா போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் சும்மா இருந்தார்களா? ஐந்து ஆண்டுகள் அக்கம்பக்கத்தாரைக் கொள்ளையடித்தார்கள். அகதிகள் என்ற இரக்கம் இந்த இடத்தில் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. கடைசியில் இத்தாலியின் எட்ருஸ்கர்களும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரக்காரர்களும் ஆளுக்கு 60 கப்பலோடு வந்தார்கள். போக்காயாக்காரர்களான இவர்களிடம் இருந்ததும் 60. வென்றது இவர்கள்தான், ஆனால் 40 கப்பல்கள் போய்விட்டன. மிச்சம் 20க்கும் முன்னால் இருந்த இடிமூக்கு வளைந்துபோய், சண்டைக்கு உதவாமல் ஆனது. குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மறுபடி புறப்பட்டார்கள்.

அப்புறம் தென் இத்தாலியில் எலியா என்று ஓர் ஊரை அமைத்தார்கள். தத்துவ அறிஞர்கள் பார்மெனிடீஸும் ஜீனோவும் அந்த ஊர்க்காரர்கள். அங்கே அக்ரோபோலிஸ் என்ற கோட்டை மேட்டில் பழைய கோயிலுக்கு அடியில் தோண்டியபோது தலைக்கவசங்கள் கிடைத்ததாக 2022இல் அறிவித்தார்கள். அவற்றில் ஒன்று எட்ருஸ்கர் பாணியிலானது. அலாலியா போரில் பிடித்துவந்து கிரேக்கப் பெண் தெய்வம் அதீனாவுக்குக் காணிக்கையாக வைத்ததாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.