அணைக்கரையில் தொடங்கும் கோயில்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன தை மாதம் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பினேன். இடிந்த கோயில்கள் சிலவற்றைப் பார்க்க வேண்டும், நெடுநாளாகப் போகாத சொந்தக்காரர் வீடுகளுக்கும் போக வேண்டும். இரண்டையும் தனித்தனி வேலையாகத்தான் நினைத்திருந்தேன். முதல் நாளே சித்தப்பா அதை மாற்றிவிட்டார்.

சித்தப்பா வீடு திருப்பனந்தாளில். இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து கங்கைகொண்ட சோழபுரம் புறப்பட்டேன். வழியில் கொள்ளிடம். அணைக்கரைப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, "இறங்கு பாப்பா, கோயில் இங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது" என்றார். எனக்குப் புரியவில்லை. எதிரே ஆறும் அணையும் மதகும்தான் இருந்தன.

அவர் சொன்னது உண்மை. 1836-ஆம் ஆண்டு ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே இந்தக் கீழணையைக் கட்டினார். அதற்குக் கல் வேண்டியிருந்தது. இந்த வட்டாரத்தில் மலை கிடையாது, எங்கே தோண்டினாலும் வண்டல்தான். பக்கத்தில் ஆயத்தமாக இருந்த கல், ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் வெளி மதில். அதைப் பிரித்துக் கொண்டுவந்தார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதற்குத் தண்டனைதான் கிடைத்திருக்கிறது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு காப்பாற்றப்படவே இல்லை என்று 1855-இல் அச்சான ஒரு குறிப்பு வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது.

எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணமும் சோழர் வெட்டியதுதான், முதலாம் பராந்தகன் காலத்து வீரநாராயணன் ஏரி. அங்கிருந்து 2004 முதல் குழாயில் சென்னைக்குக் குடிநீர் வருகிறது. என் வீட்டுக் குழாயிலும் அந்தத் தண்ணீர் கலந்து வந்திருக்கும். கோயிலைப் பிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அந்தத் தண்ணீரில்தான் நானும் சோறு பொங்கியிருக்கிறேன் என்பதையும் மறைக்க முடியாது.

சரி, கோயிலுக்குப் போவோம். கங்கைகொண்ட சோழபுரத்தில் விமானம் முழுசாக நிற்கிறது. தஞ்சை விமானத்தைவிட உயரம் குறைவு, ஆனால் அதன் கோடுகள் வளைந்து மேலேறும் விதத்தில் ஒரு குழைவு உண்டு. இடிந்தது அதைச் சுற்றி இருந்த உலகம். கிழக்கே கோபுரம் மொட்டையாக நிற்கிறது. வடக்குப் படிக்கட்டுப் பக்கம் சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார். சிவபெருமான் தன் அடியவன் தலையில் தன் கையாலேயே பூமாலையைச் சுற்றுகிறார். சண்டேசர் கைகூப்பித் தலை குனிந்திருக்கிறார். புத்தகப் படங்களில் நான் பலமுறை பார்த்த சிற்பம்தான். சித்தப்பா பக்கத்தில் நின்று, "அந்த விரலைப் பாரு. நம்ம வீட்டுல பிள்ளைக்குத் தலை பின்னிப் பூ வைக்கிற மாதிரி இல்ல?" என்றார். அதற்கப்புறம் அந்தச் சிற்பத்தை என்னால் வேறு விதமாகப் பார்க்கவே முடியவில்லை.

சித்தி பிறந்தது உட்கோட்டை. கோயிலுக்குப் பக்கத்து ஊர். அங்கேதான் மாளிகைமேடு இருக்கிறது, சோழர் அரண்மனை இருந்த இடம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980 முதல் அங்கே அகழாய்வு செய்து, அரண்மனையின் செங்கல் சுவர்களை வெளியே கொண்டுவந்திருக்கிறது. சுமார் 250 ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊரில் ராஜா வீடு இடுப்பளவுச் சுவராக நிற்கிறது. "எங்க பாட்டி காலத்துல வீடு கட்டச் செங்கல்லே வாங்க மாட்டாங்களாம். மேட்டைத் தோண்டினா வரும்" என்று சித்தி சொன்னார். அரண்மனையின் செங்கல் எத்தனையோ திண்ணைகளுக்கும் அடுப்பங்கரைகளுக்கும் போயிருக்கிறது. இப்போது அது பாதுகாக்கப்பட்ட இடம், யாரும் கை வைக்க முடியாது. நல்ல காரியம்.

ஊர்ப் பெயர்களை மட்டும் யாரும் பிரித்து எடுத்துப் போகவில்லை. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். பஸ் பலகையில் இந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் தலைநகரின் வரைபடமே கிடைத்துவிடும். கங்கை வெற்றிக்காக ராஜேந்திரன் வெட்டிய பேரேரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்று சொல்கிறது. எல்லா அரசர்களும் கல்லில் தூண் நட்டார்கள், இவன் தண்ணீரில் நட்டான். இன்று அதற்குப் பொன்னேரி என்று பெயர்.

மறுநாள் கும்பகோணத்தில் ரயில் ஏறித் திருச்சி, அங்கிருந்து பஸ்ஸில் கீரனூர். அங்கே அத்தை இருக்கிறார், அப்பாவின் அக்கா. வயது எண்பதை நெருங்குகிறது. "நார்த்தாமலைக்கா? வெள்ளனே ஏறி இறங்கிரணும் ஆத்தா. பத்து மணிக்கு மேல பாறை காலைப் பொசுக்கிரும்" என்று சொல்லி, தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேருக்கு வருஷம் தவறாமல் போனவர் அத்தை. ஆனால் அங்கேயே மேலமலை உச்சியில் இருக்கும் கோயிலுக்கு ஒரு தடவைகூட ஏறியதில்லை. "சாமி கும்பிட யாரும் அங்க போறதில்லையே" என்றார்.

மேலமலை செங்குத்தான மலை இல்லை. அகன்ற மொட்டைப் பாறை, நடந்தே ஏறலாம். வழியில் ஒரு சுனை. அதற்குள் ஒரு லிங்கம் இருக்கிறது, நீரை முழுக்க இறைத்தால்தான் தெரியும். இன்னும் மேலே போனால் விஜயாலய சோழீச்சரம். மேற்குப் பார்த்த சிறிய கல் கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். தமிழ்நாட்டில் அபூர்வமான அமைப்பு இது. சுற்றிலும் சின்னச் சின்னப் பரிவாரக் கோயில்கள், சில சிதைந்து கிடக்கின்றன. எதிரே பாறையில் குடைந்த குகைகள். ஒன்றில் ஆளுயரத் திருமால் உருவங்கள் 12 வரிசையாக நிற்கின்றன. முன்பு சமணர் இருந்த குகை அது, சமணர் குடகு என்றே இன்றும் பெயர்.

நான் இங்கே ஏறி வந்தது ஒரு கல்வெட்டுக்காக. வாசலில் நிற்கும் துவாரபாலகரின் காலடியில் இருக்கிறது. பெயர் சோழன் பெயராக இருந்தாலும், கோயிலைக் கட்டியவன் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதி அரையன், முத்தரையர் என்னும் சிற்றரசர் குலத்தவன். அவன் எழுப்பிய கோயில் மழையில் இடிந்தது, அதை மல்லன் விதுமன் என்பவன் புதுப்பித்தான் என்கிறது அந்தக் கல்வெட்டு. அவ்வளவுதான் செய்தி. போர் இல்லை, பெரிய பட்டங்களின் அடுக்கு இல்லை. ஒருவன் கட்டினான், மழை இடித்தது, இன்னொருவன் எடுத்துக் கட்டினான். நான் அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆயிரம் வருஷத்துக்கு மேல் இந்தப் பாறையில் வெயிலும் மழையும் தாங்கி இந்தக் கோயில் நிற்கிறதென்றால், கட்டியவனுக்குச் சமமாக எடுத்துக் கட்டியவனுக்கும் அதில் பங்கு உண்டு. வரலாற்றுப் பாடத்தில் இவன் பெயர் எங்கேயும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை.

அடுத்த நாள் அத்தை மகன், எனக்கு மச்சான் முறை, கொடும்பாளூருக்கு அழைத்துப் போனார். விராலிமலைக்குப் பக்கம், திருச்சி மதுரை நாற்கர சாலையை ஒட்டி இருக்கிற ஊர். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகிற வழியைச் சிலப்பதிகாரம் சொல்லும்போது இந்த ஊர் வருகிறது. கொடும்பைக் குளக்கரையில் வழி, சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரியுமாம். இன்றும் மதுரைக்குப் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் போகிறார்கள், நூறு கிலோமீட்டர் வேகத்தில்.

அங்கே இருக்கும் மூவர் கோயில், இருக்குவேள் என்னும் சிற்றரசர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி கட்டியது. தன் பெயரால் ஒன்று, தன் மனைவியரான கற்றளி, வரகுணை இருவர் பெயரால் இரண்டு. மூன்றில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். சுற்றிலும் சிறு கோயில்களின் அடித்தளங்கள் வரிசையாகப் புல்லுக்குள் கிடக்கின்றன. நிற்கிற இரண்டின் அழகை என்ன சொல்ல! ஆனால் என் கால் அந்த மூன்றாவதின் பக்கமே போனது. அடித்தளத்தின் மேல் ஏறி நிற்க மனம் வரவில்லை, ஓரமாகச் சுற்றி வந்தேன்.

சாயங்காலம் கீரனூர் திரும்பினோம். அத்தை வீட்டின் பின்கட்டு போன ஐப்பசி மழையில் விழுந்துவிட்டது. மண் சுவர், நாட்டு ஓடு. ஓடுகளை ஒரு பக்கம் அடுக்கி வைத்திருந்தார்கள். அஸ்திவாரக் கல் அப்படியே இருக்கிறது. என் அப்பா பிறந்தது அந்த அறையில்தான். மச்சான் அங்கே சிமென்ட் கல் வைத்து ஒரு அறை எடுக்கப் போவதாகச் சொன்னார், சித்திரைக்குள் முடித்துவிடுவாராம்.

அந்த அடித்தளக் கல்லில் உட்கார்ந்துதான் அத்தைக்கு நார்த்தாமலைக் கல்வெட்டைச் சொன்னேன். மழை, இடிந்தது, எடுத்துக் கட்டியது எல்லாம். கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தவர், கொஞ்ச நேரம் கழித்து, "முதல்ல கட்டினவன் பேரையும் அவன் எழுதிவச்சானா?" என்றார்.

"ஆமா அத்தை. அவன் பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கான்."

"நல்ல பிள்ளை" என்றார் அத்தை.

நன்றி, வணக்கம்.