22 டாலர் 54 சென்ட்

அவையோருக்கு வணக்கம். 1940 ஜனவரி 31 தேதியிட்ட ஒரு காசோலையைப் பற்றித்தான் இன்று பேச்சு. எண் 00-000-001. தொகை 22 டாலர் 54 சென்ட். வாங்கியவர் வெர்மான்ட் மாநிலம் லட்லோவைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

1874இல் பிறந்தவர். முதலில் ஆசிரியை, பிறகு வக்கீல் அலுவலகத்தில் செயலாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை தந்த அரசியலமைப்புத் திருத்தம் 1920 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது அவருக்கு வயது 45.

அந்த 22.54 எப்படி வந்தது? 1937 ஜனவரி முதல் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று பிடித்தார்கள். முதலாளியும் அதே அளவு கட்டினார். மூன்று ஆண்டுகளில் அவரிடம் பிடித்தது 24.75 டாலர். அப்படியானால் மொத்தச் சம்பளம் 2,475. மாதச் சராசரி 68.75. 1939 சட்டத்திருத்தத்தின் கணக்கு இது: சராசரியில் முதல் 50 டாலருக்கு 40 சதவீதம், அதாவது 20 டாலர். மிச்சம் 18.75க்குப் பத்து சதவீதம், 1.875. இரண்டும் சேர்ந்து 21.875. வேலை பார்த்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் கூட்டினால் 22.53 சொச்சம். சொச்சத்தை ஒரு சென்ட்டாக்கினால் காசோலைத் தொகை வந்துவிடும். முதல் 50 டாலருக்கு மட்டும் ஏன் 40? குறைந்த சம்பளக்காரருக்குக் கை கொடுக்கத்தான்.

அவர் 1975 வரை, நூறு வயது வாழ்ந்தார். மொத்தம் பெற்றது 22,888.92 டாலர். 'கட்டியது 24, வாங்கியது 22 ஆயிரமா' என்று இன்றும் கேலி பேசுவோர் உண்டு. சேமிப்புக் கணக்கையும் காப்பீட்டையும் குழப்பிக்கொள்ளும் பேச்சு அது. 65 வயதுக்கு முன்பே இறந்தவர்கள் மாத ஓய்வூதியம் ஒன்றுகூட வாங்கவில்லையே!

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஐடா மே பிறந்த அதே நாளில் பிறந்து, வீட்டு வேலை செய்தே பிழைத்த ஒரு பெண்ணுக்கு 1940இல் எவ்வளவு கிடைத்திருக்கும்? ஒன்றுமில்லை. வீட்டு வேலையையும் பண்ணை வேலையையும், இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த 1935 சட்டம் வெளியே நிறுத்தியது. கூலிக்கு உழைத்த கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். நிரந்தரமாக வீட்டு வேலை செய்வோரை 1950 திருத்தம் உள்ளே கொண்டுவந்தது. நடைமுறைக்கு வந்தது 1951 ஜனவரியில். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 76.