தண்ணீர் இறங்கும்போது குளக்கட்டைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மாரி பிடித்துவிட்டால் நம் பக்கத்தில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். உன்னிச்சைக் குளம் நிரம்பி வான் பாயுதா? நவகிரியில் எத்தனை அடி? இங்கினியாகலையில் கதவு திறக்கப்போகிறார்களா? தண்ணீர் ஏறுவதைக் கண்டுதான் நமக்குப் பயம். அந்தப் பயம் வேண்டியதுதான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் குளக்கட்டுகளில் நடந்த நான், இன்றைக்குப் பேச வந்தது தண்ணீர் இறங்கும் நாட்களைப் பற்றி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நடுத்தரக் குளத்தில் இருந்தேன். தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசில் பழுது. மழைக்கு முன் திருத்த வேண்டும், குளத்தைச் சீக்கிரம் வடித்துவிடு என்று மேலிருந்து கட்டளை. அந்தக் குளத்தின் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை எழுபது வயதைத் தாண்டிய மனுசன். கையில் எப்போதும் ஒரு கம்பு. ஈரமான இடமெல்லாம் அதால் குத்திப் பார்ப்பார். "தம்பி, ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல இறக்காதீங்க. கட்டு குடிச்ச தண்ணிய கக்குறதுக்கு நேரம் குடுங்க" என்றார். எனக்கு அவசரம். துருசை முழுக்கத் திறந்துவிட்டேன்.

நாலாம் நாள் காலை கட்டின் மேலே ஒரு வெடிப்பு. விரல் நுழையும் அகலம். நேராக ஓடவில்லை, வில்லைப் போல வளைந்து, இரண்டு முனையும் தண்ணீர்ப் பக்கம் திரும்பியிருந்தது. வட்டவிதானை அதன் இரண்டு கரையிலும் குச்சி நட்டு, நடுவே நூலைக் கட்டினார். பின்னேரம் பார்த்தால் நூல் அறுந்து கிடந்தது. அன்றிரவே உட்சரிவு, அலைக்குக் காவலாக அடுக்கிய கற்களோடு சேர்ந்து, குளத்துக்குள் இறங்கிவிட்டது. கட்டு உடையவில்லை, தண்ணீர் குறைந்திருந்தது, அதனால் ஊர் தப்பியது. அந்த மனுசன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. இன்றும் அந்த நூல் என் கண்ணில் நிற்கிறது.

ஏன் அப்படி நடக்கிறது? மண்கிணற்றை மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைத்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் நிறைய இருக்கும்வரை நின்ற சுவர், வற்றியதும் பொத்தென்று விழும். வெள்ளம் வடிந்த பிறகுதானே வாய்க்கால் கரையும் சரிகிறது? நிறைந்து நிற்கும் தண்ணீர் கரைக்கு முட்டுக் கொடுக்கிறது. அதே தண்ணீர் மண்ணுக்குள்ளும் ஊறியிருக்கிறது. வெளியே இருப்பதைச் சட்டென்று எடுத்தால் முட்டுப் போய்விடும். உள்ளே இருப்பது களிமண்ணை விட்டு அவ்வளவு கெதியாக வராது. கரை பாரமாகவும் வழுக்கலாகவும் நிற்கும். திரும்பச் சொல்கிறேன், ஆபத்து கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரில் மட்டும் இல்லை, மண்ணுக்குள் இருக்கிற தண்ணீரிலும் இருக்கிறது.

இதை உலகத்துக்குக் காட்டியது இத்தாலியின் வயோந்த் அணை. 261 மீட்டர் உயரம், பத்துத் தென்னையை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தியது போல. நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் டோக் என்ற மலை. 1960இல் தண்ணீர் ஏற்றும்போதே மலைச்சரிவில் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு விழுந்தது. கரையில் ஒரு துண்டும் சரிந்தது. நீர்மட்டத்தை இறக்கினார்கள், மலை அசைவது தணிந்தது. அதோடு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது: தண்ணீரை ஏற்றி இறக்கி மலையை அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று.

1963 செப்டெம்பரில் சரிவு மறுபடி வேகம் பிடித்தது. மறுபடி இறக்கினார்கள். இந்தத் தடவை அது தணியவில்லை. கடைசியில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு சாண் நகர்ந்தது. மலை, நேயர்களே, ஒரு முழு மலைச்சரிவு! ஒக்டோபர் 9, இரவு பத்தரை தாண்டி, சுமார் 26 கோடி கனமீட்டர் கல்லும் மண்ணும் நீர்த்தேக்கத்துக்குள் பாய்ந்தது. அதில் இருந்த தண்ணீரைவிட விழுந்த மண் கூட. தண்ணீர் அணைக்கு மேலால் எகிறி, கீழே இருந்த லொங்கரோனே என்ற ஊரைத் துடைத்துக்கொண்டு போனது. இரண்டாயிரம் பேரளவில் இறந்தார்கள். அணை உடையவில்லை. இன்றும் அங்கேயே நிற்கிறது. கட்டியதில் பிழை இல்லை, கரையைப் படித்ததில்தான் பிழை.

இங்கினியாகலையில் கட்டிய நம்முடைய சேனாநாயக்க சமுத்திரம் அப்படிச் செங்குத்தான பள்ளத்தாக்கில் இல்லை. யாரையும் கலவரப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் அது 7,70,000 ஏக்கர் அடி கொள்ளும் மண் அணை. மண் என்றால் வட்டவிதானை சொன்ன சொல் அதற்கும் பொருந்தும்.

கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி விரலைக் காட்டுகிறார், நேரமாகிவிட்டது. சமனலவெவ அணையில் 1992இல் வலது கரை ஒழுகத் தொடங்கியதைச் சொல்லக் குறிப்பு எழுதி வந்தேன், இன்னொரு நாள் பேசுவோம். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குளம் வற்றும் நாட்களில் கட்டால் போகிறவர்கள், வில்லுப் போல வளைந்த வெடிப்பைக் கண்டால், கட்டின் அடியில் கலங்கல் தண்ணீர் கசிவதைக் கண்டால், அன்றைக்கே வட்டவிதானையிடமோ நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ சொல்லுங்கள். போகும் முன் இரண்டு குச்சி நட்டு, நடுவே ஒரு நூல் கட்டிவிடுங்கள்.