யாழ்ப்பாணத்து இரவுகள்: ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். தவிலைப் பற்றி நான் சென்ற கிழமை பேசியதைக் கேட்டுவிட்டு, ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி எனக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார். அதை அப்படியே வாசிக்கிறேன். "ஐயா, எங்கள் அப்பப்பா 1960களில் கொழும்பில் அரசாங்க லிகிதராக இருந்தவர். அந்தக் காலத்து இரவு விடுதிகளைப் பற்றியும் அங்கே வாசித்த வாத்தியக் குழுக்களைப் பற்றியும் கதை கதையாகச் சொல்வார். யாழ்ப்பாணத்து இரவைப் பற்றிக் கேட்டால் மட்டும், அங்கே என்ன இருந்தது, எட்டு மணிக்கு விளக்கை நூர்த்துவிட்டுப் படுப்பதுதான் என்கிறார். யாழ்ப்பாணத்தில் இரவு வாழ்க்கை என்று ஒன்று இருக்கவே இல்லையா?"

உண்மையைச் சொன்னால், இந்தக் கேள்வி எனக்குப் பெரிய சந்தோஷத்தையும் சிறிது கோபத்தையும் ஒருங்கே தந்தது. கோபம் தம்பி மீது அன்று, அவருடைய அப்பப்பா மீது.

கொழும்பைப் பற்றி அவர் சொல்வதில் பிழை இல்லை. காலிமுகத்திடல் ஹோட்டலில் கோகனட் குரோவ், கல்கிசை ஹோட்டலில் லிட்டில் ஹட், துறைமுகத்துக்கு முன்னால் தப்ரபேன் ஹோட்டலில் புளூ லெப்பர்ட், சீலிங்கோ கட்டடத்தின் உச்சியில் ஆகாச கடே என்று இடங்கள் இருந்தன. ஜெட்லைனர்ஸ் என்ற குழுவினர் வாசித்தால் ஆட இடம் கிடைக்காது என்று சொல்வார்கள். ஆனால் எங்கள் ஊரிலிருந்து போய் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் சமறிகளில் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட லிகிதர்களில் எத்தனை பேர் அந்த வாசல்களைத் தாண்டினார்கள் என்பது வேறு விடயம். பெரும்பாலானோர் வெள்ளிக்கிழமை இரவு யாழ்ப்பாணம் போகும் மெயில் கோச்சியில், அதாவது இரவு ரயிலில், மூலை இருக்கை பிடிக்க ஓடியவர்கள். திருவிழாக் காலமென்றால் அந்தக் கோச்சியில் நிற்பதற்கும் இடம் இருக்காது. எட்டு மணிக்கு உறங்கிவிடும் ஊருக்கு இவர்கள் ஏன் இப்படி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள் என்று அப்பப்பாவிடம் கேட்க வேண்டும்.

நேரடியாக விடை சொல்வதானால், யாழ்ப்பாணத்தில் இரவு விடுதி இருக்கவில்லை. கோட்டைப் பக்கத்து றெஸ்ற்ஹவுசில் மதுச்சாலை இருந்தது. பிரதான வீதிப் பக்கம் வாழ்ந்த, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீடுகளில் நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் ஆட்டமும் பாட்டும் இருக்கும். உத்தியோகத்தர்களின் கிளப்புகளில் துரும்பை மறைத்து வைத்து 304 என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். அந்த ஆட்டம் நடுச்சாமம் வரை போவதும் உண்டு. கள்ளுத் தவறணை என்பது பின்னேரத்துச் சங்கதி. கள்ளுக் குடிக்கும் ஓலைப் பிளாவைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்பும் நேரத்துக்கு இரவு தொடங்கியிருக்காது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தாலும் கொழும்புக்கு ஈடான ஒன்றும் தேறாது.

ஆனால் நான் தவில் பேச்சிலும் சொன்னேன், கூத்தைப் பற்றிய பேச்சிலும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்: இரவு விடுதியில் அவரவர் செலவில் அவரவர் விழித்திருப்பார்; யாழ்ப்பாணத்தில் ஒருவர் செலவழிப்பார், ஊர் முழுவதும் விழித்திருக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எங்கள் இரவு எப்படி நடந்தது என்பது விளங்கிவிடும்.

கோயில் மகோற்சவத்தில் ஒவ்வொரு நாளும் அன்றைய செலவை ஏற்கும் ஓர் உபயகாரருக்குச் சொந்தம். ஒரு நாள் ஒரு குடும்பத்தாருடையது, மறுநாள் ஒரு தொழில் செய்வோருடையது, அதற்கு மறுநாள் கொழும்பில் கடை வைத்திருக்கும் முதலாளிமாருடையது. ஐந்தாம் திருவிழாக்காரர் இரண்டு கூட்டம் நாதஸ்வர மேளம் பிடித்தார் என்றால், ஆறாம் திருவிழாக்காரர் நான்கு கூட்டம் பிடிக்காமல் விடமாட்டார். ஒருவர் கோயில் வாசலில் சிகரம் கட்டி மின்விளக்குகளை ஓடவிட்டால், அடுத்தவர் வாணவேடிக்கைக்காரரைக் கூட்டிவந்து இறக்குவார். பக்தி இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீம்பு அதற்கு ஒரு முழம் முன்னால் நடந்தது. அந்த வீம்புதான் ஊராருக்கு இலவசமாக விடிய விடியக் கச்சேரி வைத்தது.

பொழுது படும்போதே பிள்ளைகள் பாயையும் சாக்கையும் கொண்டுபோய் வீதி மணலில் விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். கச்சான்காரி தாச்சியில் மணலோடு கச்சானை வறுத்து, பழைய பேப்பரில் சுருள் செய்து அளந்து போடுவாள். அவளுக்கு வெளிச்சம் தருவது பக்கத்தில் எரியும் போத்தல் விளக்கு. தும்புமுட்டாசுக்காரன் மணி அடித்துக்கொண்டு போவான். சுவாமி வெளிவீதி வலம் வரும்போது மேளக்காரர் மூலைக்கு மூலை நின்று வாசிப்பார்கள். சுவாமி இருப்புக்குப் போன பிறகுதான் உண்மையான சமா தொடங்கும்.

அந்தச் சமாவைச் சிறிது கிட்ட நின்று பார்ப்போம். இரண்டு தவில்காரர் எதிரெதிரே. வலக்கை விரல்களில் கூடு என்ற கெட்டியான உறை, இடக்கையில் கழி என்ற தடி. ஒருவர் ஒரு தாளக் கணக்கைப் போட்டுவிட்டு மற்றவரைப் பார்த்துச் சிரிக்கிறார். மற்றவர் உடனே பதில் சொல்லாமல், சால்வையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தாளத்தை இரண்டு சுற்று சும்மா போகவிடுகிறார். முன்வரிசையில் இருக்கும் கிழவர்கள், பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர்களும் அவர்களில் உண்டு, விரல்மடித்துக் கணக்கை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பதில் வந்து சரியான இடத்தில் விழும்போது அத்தனை கைகளும் ஒரே கணத்தில் தொடையில் விழும். அந்தச் சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அளவெட்டியில் வாழ்ந்து தமிழ்நாட்டையும் வியக்க வைத்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் காலமாகும் வரை, அவர் வாசிக்கிறார் என்று தெரிந்தால் பல மைல் தூரத்திலிருந்து சைக்கிள்களில் ஆட்கள் வந்து சேர்வார்கள். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கும் அப்படியே. இவர்களைக் கேட்க ஒரு சதம் கொடுத்து உள்ளே போனவர் எவரும் இல்லை. பணத்தை உபயகாரர் கொடுத்தார், விழித்திருந்தது ஊர்.

நடுச்சாமத்துக்குப் பிறகு நாடகம். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவின் நாடகக் குழுவான வசந்த கான சபா அரிச்சந்திரா மயான காண்டத்தை மேடையேற்றாத ஊர் குடாநாட்டில் குறைவு. கதை எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்து வரப்போகும் பாட்டும் மனப்பாடம். இருந்தும் சந்திரமதி பிள்ளையின் உடலோடு மயானத்துக்கு வரும் கட்டத்தில், அதுவரை பாயில் படுத்திருந்த பெண்கள் எழுந்து இருந்துவிடுவார்கள். விடியப்புறத்துக் குளிரில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அழுதுவிட்டு, அப்படியே வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவார்கள். அடுத்த திருவிழாவுக்கு மீண்டும் அதே அழுகை.

சின்னமேளத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் தம்பி கேட்ட இரவு விடுதிக்கு மிக அருகில் வரும் ஒன்று அதுதான். பெண்கள் ஆடும் அந்தக் குழுக்களை உபயகாரர் சிலர் தமிழ்நாட்டிலிருந்தும் வரவழைத்தார்கள். கோயிலில் இத்தகைய ஆட்டம் கூடாது என்று ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்து எழுதினார். அவருக்குப் பின் வந்த பெரியவர்களும் கண்டித்தார்கள். பிறகும் நீண்ட காலம் சின்னமேளம் நடந்தது. கண்டித்தவர்கள் ஆடிய பெண்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு, கூலி பேசிக் கூட்டிவந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை என்பது என் குறை.

திரையரங்குகளைப் பற்றித் தனியாகவே பேசியிருக்கிறேன், ஆகவே சுருக்கமாக. ராணி, ராஜா, மனோகரா, வின்சர், வெலிங்டன், ஆங்கிலப் படங்களுக்கு ரீகல் என்று நகரில் இரண்டாம் காட்சி முடியும் நேரத்தில் வீதியெல்லாம் சைக்கிள் மணியோசை. சைக்கிளுக்கு லைற் இல்லாதவர்கள் பொலிஸ்காரர் எந்தச் சந்தியில் நிற்கிறார் என்று விசாரித்துக்கொண்டு ஒழுங்கைகளுக்குள்ளால் போவார்கள். பசித்தவர்கள் ஐந்துசந்திப் பக்கம் முஸ்லிம் அன்பர்களின் கடைகளுக்குப் போவார்கள். அந்த நேரத்திலும் சூடாகச் சாப்பாடு கிடைத்தது அங்கேதான். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தக் கடைகளும் போயின. யாழ்ப்பாணத்து இரவைப் பற்றி உருகிப் பேசுபவர்களில் பலர் இந்த வரியை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். அதை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

1980களில் வீடியோ வந்தது. தொலைக்காட்சிப் பெட்டி, டெக், மின்சாரம் இல்லாத இடமென்றால் ஜெனரேற்றர் எல்லாவற்றையும் ஒருவர் வாடகைக்கு எடுத்து முற்றத்து மேசையில் வைப்பார். மூன்று படமோ நான்கு படமோ விடியும் வரை ஓடும். வீட்டில் ஒரு சாமத்தியச் சடங்கு என்றாலும் சரி, வெளிநாட்டிலிருந்து மகன் முதல் காசு அனுப்பியிருந்தாலும் சரி, இதுதான் கொண்டாட்டம். அழைப்பு இல்லாத அயலாரும் பாயோடு வந்து இருந்துகொள்வார்கள்; ஜெனரேற்றருக்கு எண்ணெய் முடிந்து படம் நின்றால், வாடகை கொடுத்தவரை அதட்டும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. பாருங்கள், மீண்டும் அதே சங்கதிதான்: ஒருவர் செலவழிக்கிறார், ஊர் விழித்திருக்கிறது.

இனி, தம்பி கேட்காத ஒரு கேள்விக்கு வருகிறேன்; அவர் கேட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்பிய கேள்வி அது. ஊர் விழித்திருந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, அந்த ஊரில் யார் யார் அடக்கம்?

எத்தனையோ கோயில்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே கால் வைக்க முடியாத காலம் அது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்துவிட்டது. ஆனால் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் உள்ளே போக முயன்றவர்களை வாசலில் மறித்து நின்றார்கள். சட்டம் வந்து 11 ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே நான் இவ்வளவு நேரமும் வருணித்த அந்த மணலில் பாய் விரித்து இருக்க எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. தூரத்தில் வேலிக்கு அப்பால் நின்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஒலிபெருக்கி வந்த பிறகுதான் அவர்களுக்கு நாதஸ்வரம் முழுமையாகக் கேட்டது. பனையிலும் தென்னையிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்குச் சாதி பார்க்கத் தெரியவில்லை. அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்களில் பலர் தங்கள் ஊர்களில், தங்கள் அம்மன் கோயில் முற்றங்களில், காத்தவராயன் கூத்தைத் தங்கள் பணத்தில் தாங்களே விடிய விடிய ஆடினார்கள். அங்கே தனி உபயகாரர் எவரும் இல்லை; கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குக் கொடுக்கவும் உடுப்பு வாங்கவும் வீட்டுக்கு வீடு சேர்த்தார்கள். என்னுடைய விதி அங்கே செல்லாது. அங்கே ஊரே செலவழித்தது, ஊரே ஆடியது, ஊரே விழித்திருந்தது. எங்கள் இரவுகளில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், கை இதைத்தான் காட்டும்.

அப்பப்பா சொன்ன எட்டு மணி எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. 1974 ஜனவரி 10ஆம் நாள் இரவு, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்காக வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் கூடியிருந்த சனத்துக்குள் பொலிஸார் புகுந்தார்கள், உயிர்கள் போயின. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதன் பிறகு இருட்டில் வெளியே போன பிள்ளை திரும்பும் வரை தாய்மார் படலையில் நின்றார்கள். 1990இல் மின்சாரமும் போனது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி. 1995க்குப் பிறகு ஊரடங்கு. 2002இல் போர்நிறுத்தம் வந்து இரவு கொஞ்சம் நீண்டது. 2006 ஆகஸ்ட் 11இல் முகமாலையில் மீண்டும் சண்டை வெடித்தபோது நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. இந்த ஆண்டுகளில் தொலைபேசியில் ஊரோடு பேசிய எவருக்கும், எட்டு மணிக்கு விளக்கை நூர்க்கும் யாழ்ப்பாணம்தான் நினைவில் நிற்கும். அதற்கு முன்பிருந்ததை அது மறைத்துவிட்டது.

இப்போது யாழ்ப்பாணத்தில் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன, இளைஞர்கள் டீஜே வைத்து ஆடுகிறார்கள், பெரியவர்கள் திட்டுகிறார்கள். சின்னமேளத்துக்குக் கூட்டம் சேர்த்த ஊர் இதைத் திட்டுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. கோயில் வீதியில் விடிய விடியக் கச்சேரி வைக்க இன்று உபயகாரர் விரும்பினாலும் இலேசில் முடியாது; இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒலிபெருக்கி இல்லாமல் இரண்டு தவிலும் ஒரு நாதஸ்வரமுமாக நடுச்சாமத்துக்குப் பிறகு எங்காவது சமா நடப்பதாக உங்களில் எவருக்கேனும் தெரிந்தால், எந்தக் கோயில், எத்தனையாம் திருவிழா என்று எழுதி அனுப்புங்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு நான் வருகிறேன்.