சூடு வைத்த அறையில் யோகா: எதைத் தேர்ந்தெடுப்பது?

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரம் யோகா சொல்லிக்கொடுப்பவள் நான். வகுப்புக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார்கள். வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது 'ஹாட் யோகா' என்ற பேச்சையும் கூடவே கொண்டு வந்துவிடுகிறார்கள். "நீங்களும் வந்து பாருங்கம்மா, உடம்பு இளைக்கும்" என்கிறார்களாம். மறுநாள் அம்மாக்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்: "டீச்சர், நாள் முழுக்க வெயிலில்தானே கிடக்கிறோம், அதுக்கு மேல காசு கொடுத்து எதுக்குச் சூடு?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஹாட் யோகா என்ற ஒரே பெயரில் நாலைந்து விதம் நடக்கிறது. எந்த விதம் என்று தெரிந்துகொள்ளாமல் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மூத்தது பிக்ரம் முறை. கொல்கத்தாவின் யோகா ஆசிரியர் பிஷ்ணு சரண் கோஷிடம் கற்ற பிக்ரம் சௌத்ரி அமெரிக்காவில் பரப்பியது. 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி, 90 நிமிடம். அறையின் வெப்பம் சுமார் 40.6 டிகிரி, ஈரப்பதம் 40 விழுக்காடு. நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் பெர்லிஸ் சூப்பிங்கில், 1998 ஏப்ரலில், 40.1 டிகிரி. அதையும் மிஞ்சிய சூட்டில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும் என்றால் யோசித்துப் பாருங்கள். ஒற்றைக் காலில் நின்று, மறு காலைப் பின்னால் தூக்கிக் கையால் பிடிக்கும் தண்டாயமான தனுராசனம் வருவதற்குள் உள்ளங்கை நனைந்து வழுக்கும். பாதத்தில் துண்டைச் சுற்றித்தான் பலர் பிடிப்பார்கள்.

பிக்ரம் சௌத்ரி மேல் பாலியல் புகார்கள் எழுந்தன. 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி, அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகருக்குப் பல லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே, அந்த ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இப்போது பல இடங்களில் அவர் பெயரை எடுத்துவிட்டு '26 பிளஸ் 2' என்று நடத்துகிறார்கள். பலகையில் அப்படிப் பார்த்தால் அதே பயிற்சிதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது ஹாட் வின்யாசா. சூடு பெரும்பாலும் 32 முதல் 38 டிகிரிக்குள் இருக்கும். ஆனால் நிற்காமல் ஓடும் ஆசனங்கள். சூடு குறைவு என்று நம்பிப் போனால் வேகம் ஆளைச் சாய்த்துவிடும். ஹாட் யின் இதற்கு நேர்மாறு. ஓர் ஆசனத்தில் மூன்று, ஐந்து நிமிடம் அப்படியே இருப்பார்கள். எனக்கு இதில்தான் பயம் அதிகம். சூட்டில் உடம்பு வழக்கத்தைவிட வளையும், வலியும் உடனே தெரியாது. முட்டியும் இடுப்பும் மறுநாள் காலையில்தான் பேசும்.

இன்னொன்று இன்ஃப்ராரெட் அறை. கூரையிலோ சுவரிலோ இருக்கும் தகடுகள் ஆளை நேராகச் சூடாக்கும், காற்றில் ஈரத்தைச் சேர்க்காது. நம் ஊருக்கு இதுதான் கொஞ்சமாவது பொருந்தும் என்பேன். காரணம் இருக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்; வழிந்து சொட்டினால் தண்ணீர்தான் நட்டம். நம் ஊரில் 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதத்தில் இருக்கும் காற்றை அப்படியே அறைக்குள் விட்டு 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 46 விழுக்காட்டில் நிற்கும். அதாவது ஆள் நுழையும் முன்பே பிக்ரம் கணக்கைத் தாண்டியாகிவிட்டது. இருபது பேர் வியர்க்கத் தொடங்கினால் இன்னும் ஏறும். குளிர்நாட்டுக்காரர்கள் போட்ட கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் இதுதான் கதி.

சரி, இளைக்குமா? அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். 90 நிமிட பிக்ரம் வகுப்பில் பெண்களுக்குச் சராசரி 330 கலோரி செலவானது. வேகமாக நடப்பதற்குச் சமம். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும்! வகுப்பு முடிந்ததும் தராசில் குறைந்து காட்டுவது வெறும் தண்ணீர்.

ரத்தக் குழாய்களுக்கு நல்லதா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், நடுத்தர வயதினர் 12 வாரம் அதே பிக்ரம் ஆசனங்களைச் செய்தார்கள். ஒரு குழுவுக்கு 40.5 டிகிரி, இன்னொரு குழுவுக்கு 23 டிகிரி. ரத்தக் குழாய்களின் வேலை இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு மேம்பட்டது. பலன் ஆசனத்தில் இருந்தது. ஆக, சூடு பிடித்திருந்தால் போங்கள்; அதில் தனியாக ஏதோ மருந்து இருக்கிறது என்று நினைத்துப் போகாதீர்கள்.

யார் போகக்கூடாது? கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், வெயிலில் மயங்கி விழுந்த பழக்கம் உள்ளவர்கள். இனிப்புநீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரை என்றால் இன்னும் கவனம். காலையில் ரப்பர் மரம் சீவிவிட்டு, செம்பனைக் குலை வெட்டிவிட்டு அதே நாள் மாலை சூடு அறைக்குப் போக நினைப்பவர்களை நான் விடுவதில்லை. உடம்பில் ஏற்கெனவே தண்ணீர் குறைந்திருக்கும்.

அப்புறமும் ஆசை இருந்தால், பணம் கட்டும் முன் போன் போட்டுக் கேளுங்கள். எத்தனை டிகிரி? ஈரப்பதம் எவ்வளவு? எத்தனை நிமிடம்? நடுவில் வெளியே போகலாமா, தண்ணீர் குடிக்கலாமா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். 2015-இல் அமெரிக்க உடற்பயிற்சி மன்றத்துக்காகச் செய்த சோதனையில், 90 நிமிட வகுப்பில் ஒருவருடைய உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தொட்டது. அவர் பழகிய ஆள்தான். வகுப்பை ஒரு மணி நேரத்துக்குள் வைப்பது நல்லது என்று அவர்களே சொன்னார்கள். முதல் நாள் கதவோரமாகப் பாயை விரியுங்கள். தலை லேசாகச் சுற்றினாலும், வியர்வை திடீரென்று நின்றாலும், ஆசிரியர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.