கயிற்றை இழுக்கத் தெரிந்தவர் யார்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, எதிரணிக்கும் சேர்த்து இதுதான் வணக்கம்.

வெளிநாட்டு ஊரைச் சுற்றிப் பார்க்கச் சிறந்த துணை உள்ளூர்க்காரரா, உடன்வரும் பயணிகளா? உள்ளூர்க்காரரே என்பது எங்கள் கட்சி. காரணங்களை வரிசையாக எழுதித்தான் வந்தேன். ஆனால் எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார் பாருங்கள், "உள்ளூர்க்காரனை நம்பினால் பாங்காக்கில் அரண்மனைக்குப் பதில் நகைக்கடையைத்தான் பார்க்கலாம்" என்று. அதற்குக் கைதட்டல் வேறு! காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அண்ணே, அந்தக் கதை எனக்கும் தெரியும். அரண்மனை மதிலோரம் டிப்டாப்பாக ஒருவர் வருவார். "இன்று விசேஷம், அரண்மனை மூடியிருக்கிறது" என்பார். பக்கத்திலேயே ஒரு டுக்டுக் ஆட்டோ நிற்கும். சொற்பக் காசுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதாகக் கூட்டிப்போய் நீலக்கல், மாணிக்கம் விற்கிற கடையில் இறக்கிவிடுவார்கள். ஓட்டுநருக்குக் கமிஷன். அரசு விழா நாட்கள் தவிர, அரண்மனை தினமும் காலை 8.30 மணிக்குத் திறக்கிறது என்பதுதான் நிஜம்.

சரி, அந்த ஆள் முதலில் என்ன கேட்பார்? "பாங்காக்குக்கு இதுதான் முதல் தடவையா?" கூட உள்ளூர் ஆள் இருந்தால் இந்தக் கேள்வியே எடுபடாது. எங்களோடு தாய்லாந்துத் தோழி ஒருத்தி நடந்து வந்தபோதும் ஒருவர் நெருங்கினார். அவள் ஒரே ஒரு வரி சொன்னாள். மனிதர் எங்களுக்கு வணக்கம் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்! இதே இடத்தில் உடன்வரும் பயணிகள் பத்துப் பேர் இருந்தால்? பத்துப் பேரும் சேர்ந்து நகைக்கடைக்குப் போவார்கள். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி உண்டா என்று பேரமும் பேசுவார்கள்.

உடன்வரும் பயணிகளின் அருமையை என் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அதோ, மூன்றாவது வரிசையில் குனிந்து செருப்பைத் தேடுகிறாரே, அவர்தான்.

இன்னொரு நாள் தோழிக்கு வேலை. இவர் விடுதியில் பழக்கமான நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஆளுக்கொரு நாடு, ஐந்து பேர் போனிலும் ஒரே வரைபடம். பாங்காக் ஊருக்குள் ஓடும் சேன் செப் கால்வாய்ப் படகில் ஏறினோம். மூன்றாம் ராமர் என்ற மன்னர் காலத்தில், 1837-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய். சாலை நெரிசலுக்குப் பயந்து ஊர்க்காரர்கள் இன்று அதில்தான் வேலைக்குப் போகிறார்கள். படகு துறையில் நின்றதும் தெரியாது, கிளம்பியதும் தெரியாது. டிக்கெட் கொடுப்பவர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வருவார்.

இவர் ஓர இருக்கையைப் பிடித்துக்கொண்டார். காற்று வருமாம்! அந்த இருக்கைக்கு ஒரு கடமை உண்டு. பக்கவாட்டில் பிளாஸ்டிக் திரை, அதற்கொரு கயிறு. எதிரே படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் திரையை உயர்த்த வேண்டும். ஐந்து வரைபடத்தில் ஒன்றிலாவது அது இருந்ததா? இல்லை. எதிரே படகு வந்தது. பின்னாலிருந்து எல்லோரும் கத்தினார்கள். இவர் என்னிடம், "பார்த்தியா, எவ்வளவு பாசமான ஜனங்க!" என்று சொல்லிவிட்டு எழுந்து கையசைத்தார். வாய் நிறைய "ஹலோ".

வந்தது அலை. அந்தத் தண்ணீரின் நிறத்தை, சாப்பாட்டு நேரம் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். ஆனால் ஒன்று மட்டும் திரும்பச் சொல்கிறேன் நடுவர் அவர்களே: வாய் திறந்திருந்தது.

நண்பர்கள் நால்வரும் என்ன செய்தார்கள்? மூவர் சிரித்தார்கள், ஒருவர் வீடியோ எடுத்தார். பின் இருக்கையில் காய்கறிப் பையோடு இருந்த ஒரு பாட்டிதான் எட்டி ஒரு கையால் கயிற்றை இழுத்து, மறு கையால் தன் கைக்குட்டையை நீட்டினார். இந்தக் கதையை வீட்டில் இவர் எப்படிச் சொல்கிறார் தெரியுமா? "படகு கவிழப் பார்த்தது, நான்தான் கயிற்றைப் பிடித்தேன்!"

அந்த வார இறுதியில் தோழி தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவள் அம்மா தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈசான் பகுதியிலிருந்து பிழைப்புக்காகப் பாங்காக் வந்தவர். நான் சைவம். அந்த ஊர்ச் சமையலிலோ தொட்டதற்கெல்லாம் மீன் சாறு. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றுதான் பயணத் தோழர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா எனக்காகத் தனி வாணலி வைத்து, உப்பும் சோயாவும் மட்டும் போட்டுச் சமைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது.

கிளம்பும்போது என் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார். மனிதருக்குள் 32 உயிர்கள் உண்டு, பயணத்தில் ஒன்றுகூட வழிதவறிவிடக் கூடாது என்று கட்டுவார்களாம். ஊருக்குக் கிளம்பினால் திருநீறு பூசி அனுப்ப எனக்கு அம்மா இல்லை, நடுவர் அவர்களே. போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. முன்பின் தெரியாத ஊரில் ஒரு கை என் கையைப் பிடித்து முணுமுணுத்தபோது, இவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

எதிரணி நண்பர்களே, அந்த நான்கு பயணிகளும் தொடங்கிய வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. அதில் கடைசியாக வந்தது ஒரு காலை வணக்கம். அந்த அம்மாவோ இன்றும் மகளிடம் விசாரிக்கிறாராம், "அந்தப் பொண்ணு ஒழுங்காச் சாப்பிடுறாளா?" என்று. தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், ஐயா. நன்றி, வணக்கம்.