முதல் தேங்காய்ப்பாலில் பீனா கொலாடா

வணக்கம், அன்பு நேயர்களே. மலேசியாவின் குளுவாங்கிலிருந்து பேசுகிறேன். ரம், அன்னாசி, தேங்காய் மூன்றும் சேரும் பீனா கொலாடாவை வீட்டிலேயே செய்வது எப்படி என்று இன்று காட்டப் போகிறேன்.

இது போர்ட்டோ ரிக்கோ தீவின் பானம். சான் ஹுவான் நகரின் கரீபே ஹில்டன் ஹோட்டல், தன்னிடம் பணியாற்றிய ரமோன் மரேரோதான் 1954ஆம் ஆண்டு இதை உருவாக்கினார் என்கிறது; அதே நகரின் பராச்சீனா உணவகமோ, 1963இல் தங்களிடம்தான் பிறந்தது என்று உரிமை கொண்டாடுகிறது. வழக்கு எப்படியிருந்தாலும், 1978இல் அத்தீவு இதைத் தன் தேசியப் பானமாக அறிவித்துவிட்டது.

வழக்கமாக இதற்கு டப்பாவில் அடைத்த இனிப்புத் தேங்காய்க் கிரீமை ஊற்றுவார்கள். தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு அந்த டப்பா தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பாசாரில் முற்றிய தேங்காயைக் கண்ணெதிரே துருவி, இயந்திரத்தில் பிழிந்து, தண்ணீர் கலக்காத முதல் பாலைப் பையில் கட்டித் தருகிறார்களே, அதற்கு ஈடு எதுவுமில்லை. கடையில் 'சந்தான் பெக்காட்' (மலாயில் கெட்டித் தேங்காய்ப்பால்) என்றே கேளுங்கள். இரண்டாம் பாலைக் கொண்டு இந்தக் கெட்டித்தன்மையைக் கொண்டுவர முடியாது.

இந்த 200 மில்லி பாலில் 150 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, மிகச் சிறிய தீயில் கிளறிக்கொண்டே இருக்கிறேன். ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். முன்னரே செய்து ஆறவைத்ததைப் பாருங்கள்: கரண்டியின் முதுகில் வெள்ளைப் படலமாக ஒட்டி நிற்கிறது, விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடிக்கொள்வதில்லை. இந்தப் பதம்தான் வேண்டும்.

அன்னாசிக்கு நாம் அலையவே வேண்டாம், அன்னாசி விளையும் சிம்பாங் ரெங்கம் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. நன்கு பழுத்த பழத்தைத் துண்டுகளாக்கி முதல் நாள் இரவே உறையவைத்துவிட்டால், ஐஸ் குறைவாகப் போதும், பானமும் நீர்த்துப் போகாது. எம்டி2 ரகம் மிகவும் இனிப்பானது என்பதால், அதற்கு அரை எலுமிச்சைச் சாறு அவசியம். பசும்பால் மட்டும் சேர்க்காதீர்கள். அன்னாசியிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைத்து, சற்று நேரத்தில் கசக்க வைத்துவிடும்.

சர்வதேச மதுக்கலைஞர் சங்கத்தின் அளவு 50 மில்லி வெள்ளை ரம், 30 மில்லி தேங்காய்க் கிரீம், 50 மில்லி அன்னாசிச் சாறு. நான் சாற்றுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி உறைந்த பழத்தையே போடுகிறேன். முதலில் ரம்மையும் தேங்காய்க் கலவையையும் பிளெண்டரில் ஓடவிட்டு, அதன் பிறகே பழத்தையும் நான்கைந்து ஐஸ் கட்டிகளையும் போடுங்கள். தேங்காய்க் கொழுப்பு ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகிவிடும் என்பதால், தொடக்கத்திலேயே ஐஸ் பட்டால் மெழுகுத் துணுக்குகளைப் போல நாவில் தட்டுப்படும்.

ரம்மைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சுங்கத்துறை முத்திரை ஒட்டிய புட்டியை மட்டுமே வாங்குங்கள். 2018இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பல உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கக் கூடாது. 40 விழுக்காட்டு ரம்மில் 50 மில்லி என்றால் ஏறத்தாழ 16 கிராம் ஆல்கஹால். இனிப்பும் கொழுப்பும் அதன் காரத்தை மறைத்துவிடுவதால் இரண்டாவது கோப்பை எளிதாக இறங்கும். வண்டி ஓட்ட வேண்டியவர்களுக்கு ஒன்றுகூட ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வரும் முஸ்லிம் நண்பர்களுக்கு ரம் சேர்க்காமல் செய்யும்போது, ரம் படாத தனி பிளெண்டரிலும் தனிக் கோப்பைகளிலும் செய்து பரிமாறுங்கள். மீந்த தேங்காய்க் கலவையை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மூன்று நாள்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். மேலே கொழுப்பு உறைந்திருந்தால் புட்டியை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்திக் குலுக்கினால் போதும், மீண்டும் கலந்துகொள்ளும்.